நெரெய்தாவின் ஜன்னலுக்கு ஒரு மோட்டார்

காமகுவே ஊரின் கோணல் சந்துகளில் ஒன்றில் ஆர்ஹெலியோ என்று ஒருவன் இருக்கிறான். பேக்கரியில் மாவு பிசைகிற இயந்திரம் அவன் பொறுப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயைத் திறந்தது கொட்டாவி விடுவதற்கு மட்டும்தான் என்று தெருவில் சொல்வார்கள். அது கொஞ்சம் அநியாயம். சாப்பிடவும் திறப்பான். மற்றபடி அந்த வீட்டில் பேசுகிற வேலை அவன் மனைவி நெரெய்தாவுடையது, கேட்கிற வேலை அவனுடையது. முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் குறையில்லை.

சாயங்காலம் அவன் ரொட்டியோடு உள்ளே நுழைவான். காலணியைக் கழற்றுவதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள். முடிவெட்டுகிறவன் எந்த வீட்டு வாசலில் அதிக நேரம் நின்றான், எதிர்வீட்டு ஒப்துலியாவின் மருமகன் பெட்டியோடு போனானா பெட்டியில்லாமல் போனானா, பாதிரியார் வீட்டுச் சமையல்காரி கையில் இருந்த பொட்டலம் மீனா பன்றிக்கறியா. மீன் என்றால் ஏன் மீன் என்பதற்கும் அவளிடம் காரணம் இருக்கும். அவன் கருப்பு மொச்சையும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே தலையை ஆட்டுவான். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நின்றவனுக்கு அந்தப் பேச்சுதான் குளியல்.

செய்தியெல்லாம் வருவது ஜன்னல் வழியாக. எங்கள் ஊர் வீடுகள் சந்தின் மேலேயே மூக்கை வைத்துக்கொண்டு நிற்பவை. உயரமான ஜன்னல், வெளியே இரும்புக் கம்பி, உள்ளே சாய்வாக அடுக்கின மரப்பட்டைகள். நடுவில் ஒரு குச்சி. அதை மேலே தள்ளினால் எல்லாப் பட்டைகளும் சேர்ந்து திறக்கும், கீழே இழுத்தால் மூடும். முழுக்கத் திறந்தால் தெரு உங்களைப் பார்க்கும். ஒரு விரல் அகலம் திறந்தால் நீங்கள் தெருவைப் பார்க்கலாம், தெருவுக்கு உங்களைத் தெரியாது. சந்தில் எல்லா வீட்டிலும் அந்த ஒரு விரல் உண்டு. எல்லோரும் பார்ப்பார்கள், பார்ப்பதாக ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்டால், காற்றுக்காக.

போன மழைக்காலத்தில் நெரெய்தாவுக்கு முடக்குவாதம் முற்றியது. விரல்கள் உள்ளே மடங்கி, காய்ந்த இஞ்சித் துண்டு மாதிரி ஆகிவிட்டன. காபிக் கோப்பையை இரண்டு மணிக்கட்டால் பிடித்துத் தூக்கப் பழகிக்கொண்டாள். குச்சியை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஆர்ஹெலியோ வேலைக்குப் போகுமுன் பட்டைகளைத் திறந்து வைத்துப் பார்த்தான். அவன் கணக்கு எப்போதும் தப்பும். ஒன்று அதிகம், ஒன்று குறைவு. அதிகமானால் போகிற வருகிறவன் எல்லாம் கையை ஆட்டிவிட்டுப் போவான், அவள் கடையில் வைத்த பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பகலில் வந்து கூடமாட உதவுகிற தன் தங்கையிடம் "ஒரு விரல் திற" என்று சொல்லலாம். சொன்னால், இத்தனை வருஷம் எட்டிப் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அதற்கு நெரெய்தா ஒப்பவில்லை. எல்லாவற்றையும் மூடிவிடச் சொன்னாள்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் அந்த வீட்டில் ரேடியோதான் பேசியது. அவன் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பான். இன்று என்ன என்று கேட்டும் பார்த்தான். கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்டால் அது விசாரணை மாதிரி இருந்தது. "என்ன இருக்கு, ஒண்ணுமில்ல" என்பாள். கை வலியைப் பற்றியாவது பேசுவாள் என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஆர்ஹெலியோவுக்குப் பயம் வந்தது. மருந்து அவளுக்கு வலியைக் குறைக்கும், பேச்சைத் திருப்பிக் கொடுக்காது. அது ஜன்னலில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

கொல்லைப்புறத்தில் அவனுக்கு ஒரு மூலை உண்டு. செத்த ரேடியோ, விசிறி, ஒரு அலுவலகம் கழித்துப் போட்ட பிரிண்டர் என்று அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பான். சின்ன வயதில் ஒரு ரேடியோவைப் பிரித்துவிட்டுத் திரும்பச் சேர்க்கத் தெரியாமல் அப்பாவிடம் அடி வாங்கியவன். சேர்க்கத் தெரிந்துகொள்ளும் ஆசையில் ஆரம்பித்த பழக்கம், இன்னும் விடவில்லை. சனிக்கிழமைகளில் போன் ரிப்பேர்க்காரன் எரிபெர்த்தோ ஒரு பாட்டில் ரம்மோடு வந்து உட்காருவான். இரண்டு பேரும் எதையாவது பிரிப்பார்கள். எரிபெர்த்தோ வாய்க்காரன். அதனால்தான் அவர்கள் நட்பு நிற்கிறது.

பிரிண்டரிலிருந்து முதல் மோட்டார் வெளியே வந்தது. ஸ்டெப்பர் மோட்டார் என்கிற வகை. மற்ற மோட்டார் மாதிரி மூச்சு விடாமல் ஓடாது, அடி அடியாக நகரும், சொன்ன இடத்தில் நிற்கும். ஒரு விரல் அகலத்தில் நிற்க வேண்டிய ஜன்னலுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஆர்ஹெலியோ நினைத்தான். சைக்கிள் ஸ்போக்கை வளைத்துக் குச்சியோடு கட்டினான். அவள் நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் முழங்கையால் அழுத்துகிற மாதிரி அகலமான பொத்தான் வைத்தான். இடது பக்கம் திறக்க, வலது பக்கம் மூட.

நெரெய்தா இடது முழங்கையை வைத்தாள். மோட்டார் "கர்ர்ர்" என்று உறுமியது. பட்டைகள் திறந்தன, ஒரு விரல் அகலத்தில் நின்றன. எதிர்வீட்டில் வாசல் கழுவிக்கொண்டிருந்த ஒப்துலியா நிமிர்ந்து, சத்தம் எங்கேயிருந்து என்று தேடி, நேராக இந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"என்ன நெரெய்தா, காத்து வாங்குறியா?"

நெரெய்தா மூச்சுகூட விடவில்லை. வலது முழங்கையை வைத்துவிடலாம், ஆனால் மூடினால் மறுபடி உறுமும். அப்படியே சிலையாக உட்கார்ந்திருந்தாள். நிற்கிறபோதும் மோட்டார் சும்மா இல்லை. பிடித்து நிறுத்துவதற்கே அது மின்சாரம் குடித்துச் சூடேறி முனகிக்கொண்டிருந்தது. ஆர்ஹெலியோ அதைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறுகிற நேரம் ஊர்ப் பழக்கப்படி கரண்ட் போனது. பிடி விட்டதும் அத்தனை பட்டைகளும் எடை தாங்காமல் படாரென்று விழுந்து மூடின. சந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கழட்டு" என்றாள் நெரெய்தா. அன்று அவள் பேசியது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை எரிபெர்த்தோ வந்தபோது ஆர்ஹெலியோ அந்த மோட்டாரைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு, வேண்டியதை விரல்விட்டுச் சொன்னான். சத்தம் கூடாது. கரண்ட் போனாலும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். எரிபெர்த்தோ, அப்படியென்றால் கியர் வைத்த ஸ்டெப்பர்தான் என்றான். அதில் மோட்டார் உள்ளே பல சுற்றுச் சுற்றினால்தான் வெளியே ஒரு சுற்று. வெளியிலிருந்து எடை தள்ளினால் அத்தனை பல்லையும் மீறித் திருப்ப வேண்டும், அதனால் கரண்ட் இல்லாமலே பிடித்துக்கொள்ளும். சின்ன மோட்டாருக்கும் பலம் கூடும்.

அதுவரை சரி. எது என்பதில்தான் சண்டை. எரிபெர்த்தோ உலோகக் கியர் போட்ட பெரிய கட்டையைச் சொன்னான். லாரிக் கதவையே திறக்குமாம். ஆர்ஹெலியோ மனசில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்குகிற தகர டப்பா. அச்சு நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும், ஐந்து ஒயர், முனையில் வெள்ளைச் சொருகி. பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கும், மலிவு, முனகுவது கொசு மாதிரி.

"அசேரே, அதுக்குள்ள பிளாஸ்டிக் பல்லு" என்றான் எரிபெர்த்தோ. நண்பனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பலமும் இல்ல, வேகமும் இல்ல. அது திறந்து முடிக்கிறதுக்குள்ள சண்டை போட்டவங்க சமாதானமாகி காபி குடிச்சிருப்பாங்க."

"மெதுவாத் திறந்தா யார் கண்ணுலயும் படாது."

"சரி. யாராவது கையால குச்சியைத் திருகினா பல்லு உதிர்ந்துரும். அதுக்கு?"

"யார் கையால திருகப் போறா?"

எரிபெர்த்தோ வாயைத் திறந்தவன், உள்ளே ரேடியோ ஓடுகிற பக்கம் பார்த்தான். பிறகு இருவர் கோப்பையிலும் கொஞ்சம் ரம் ஊற்றினான்.

பலம் போதுமா என்பதற்கு ஆர்ஹெலியோ ஒரு வேலை செய்தான். ஸ்போக்கின் முனையில் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, பட்டைகள் அசையும்வரை மொச்சையை அள்ளி அள்ளிப் போட்டான். பை நிறைகிற அளவு ஆனது. அந்தச் சின்ன டப்பாவால் இத்தனை எடை முடியாது. எரிபெர்த்தோ வெற்றிச் சிரிப்பு சிரித்தான். ஆர்ஹெலியோ உப்புத்தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலில் ஏறினான். அந்தப் பட்டைகளுக்கு அவன் அப்பா காலத்திலிருந்து பெயிண்ட் மேல் பெயிண்ட். ஒவ்வொரு பட்டையின் முனையையும் தேய்த்து, ஆணி உட்காரும் குழியில் மெழுகுவர்த்தியைத் தடவினான். தூண்டில் ஈயக்குண்டு ஒன்றைக் குச்சியின் மறுபக்கம் கட்டி எடையைச் சமன் செய்தான். மறுபடி தொங்கவிட்டபோது ஒரு பிடி மொச்சைக்கே பட்டைகள் தூக்கம் கலைந்த மாதிரி நகர்ந்தன. மோட்டாரைப் பெரிதாக்குவதற்குப் பதில் வேலையைச் சின்னதாக்கிவிட்டான். எரிபெர்த்தோ அந்த மொச்சையை எடுத்து ஊறவைக்கச் சொன்னான், பசிக்கிறது என்று.

மோட்டார் ஊரில் கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம் நேற்றுவரை இருந்தது என்றார்கள். இருந்தது ஒரே வழி, மூன்றாவது வீட்டு மகாலிஸ். செருப்பும் சட்டையும் முடிச்சாயமும் வாங்கி வர அவள் பனாமா போவாள், சொன்னால் வேறு சாமானும் கொண்டு வருவாள். மகாலிஸிடம் சொல்வதும் சந்தின் முனையில் ஒலிபெருக்கி கட்டுவதும் ஒன்று. ஜன்னலுக்கு என்று சொன்னால் நெரெய்தாவின் மானம் பனாமா வரைக்கும் போய்த் திரும்பும். அதனால், வாழ்க்கையில் அதிகம் பேசாத காரணத்தால் பொய்யிலும் தேர்ச்சி பெறாத ஆர்ஹெலியோ, வாயில் வந்ததைச் சொன்னான். முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கிற பெட்டி செய்கிறானாம். முட்டையை மெதுவாகப் புரட்டிக்கொண்டே இருக்க மோட்டாராம். போன் சார்ஜரில் ஓட வேண்டும், ஐந்து வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும், அதைப் பார்த்து வாங்கு என்றான்.

"கோழிக்குஞ்சா? என் தங்கமே, இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள் மகாலிஸ், ஏற்கெனவே தெருவைப் பார்த்துக்கொண்டே.

முட்டைக்கே அலைகிற ஊரில் குஞ்சு என்றால் என்ன ஆகும்? இங்கே ஒரு கதவருகே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் என்ன தருகிறார்கள் என்று கேட்க மாட்டார். "கடைசி யாரு?" என்று கேட்டுத் தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மற்ற விசாரணை. மகாலிஸ் விமானம் ஏறுமுன்பே நெரெய்தா வீட்டு ஜன்னலுக்கு வெளியே வரிசை நின்றது. ஆர்ஹெலியோ பேக்கரியில் இருந்தான். உள்ளே, மூடின பட்டைகளுக்குப் பின்னால், ஒன்றும் தெரியாத நெரெய்தா.

சாயங்காலம் அவன் நுழைந்தபோது ரேடியோ நின்றிருந்தது.

"கிழவா, நாம எப்போலேருந்து கோழி வளர்க்கிறோம்?"

அவன் ரொட்டியை மேஜையில் வைத்தான். நேராக வைத்தான். பிறகு கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினான்.

"ஒப்துலியாவுக்கு நாலு குஞ்சு வேணுமாம். சேவல் வேண்டாமாம். முட்டையைப் பார்த்தே நீ சேவலா கோழியான்னு சொல்லிடுவேன்னு முடிவெட்டுறவன் சொன்னானாம்."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? பெட்டி இன்னும் சூடேறலன்னு சொன்னேன். பெட்டி இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது, ஆனா சூடேறல."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவன் ஆயுளிலேயே நீளமான பேச்சு அதுதான் இருக்கும். ஒரு விரல், உறுமல், சின்ன டப்பா, மொச்சைப் பை, மகாலிஸ். நெரெய்தா மடங்கின கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கிற வேலை அவளுக்குப் புதிது, முகத்தில் அது தெரிந்தது.

"எனக்காகவா அந்தப் பொய்?"

"ம்."

"என்னைக் கேட்டிருந்தா இதைவிட நல்லதா ஒண்ணு குடுத்திருப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "சரி, கவலைப்படாதே. முட்டை வச்சோம், கரண்ட் போச்சு, எல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுவோம். இந்த ஊர்ல கரண்ட் போச்சுன்னா எவன் குறுக்குக் கேள்வி கேப்பான்?"

அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். அதற்கப்புறம் அவள் பேசுவாள் என்று காத்திருந்தான். வரிசை கலைந்த செய்தியோடு அவளிடம் இருந்த சரக்கும் தீர்ந்துபோனது. மறுநாள் ரேடியோ மறுபடி ஆரம்பித்தது.

மகாலிஸ் திரும்பி வந்து, முட்டைகள் போன துக்கத்தை விசாரித்து, அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று மோட்டாரைக் கொடுத்தாள். தகர டப்பா, ஓரத்து அச்சு, ஐந்து ஒயர், எல்லாம் சரி. மேலே பன்னிரண்டு வோல்ட் என்று போட்டிருந்தது. கடைக்காரன் இரண்டும் வைத்திருந்தானாம், பார்க்க ஒரே மாதிரியாம். பெரிய எண்தானே பலம், குஞ்சுகளுக்காகப் போராடி அதை வாங்கினாளாம். ஆர்ஹெலியோ நன்றி சொன்னான்.

போன் சார்ஜரில் மாட்டினான். டப்பா நடுங்கியது. அச்சில் ஒரு நகர்வும் இல்லை, ஒரு பிடி மொச்சை இருந்த இடத்திலேயே தொங்கியது. அடுத்த பனாமாப் பயணம் எப்போதென்று மகாலிஸுக்கே தெரியாது. அன்று அவன் கொல்லைப்புறத்திலிருந்து உள்ளே வரவில்லை, நெரெய்தா இரண்டு தரம் கூப்பிட்டாள். எரிபெர்த்தோ வந்து விஷயத்தைக் கேட்டான், முதலில் சிரித்தான், அப்புறம் நண்பன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். வீட்டுக்குப் போய்த் தன் மோட்டார் சைக்கிளின் பழைய பேட்டரியைத் தூக்கி வந்தான். வண்டியைக் கிளப்ப அதற்குத் தெம்பில்லை, ஆனால் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் குறைவில்லை. கரண்ட் இருக்கிறபோது ஏற்றிக்கொள்ளலாம், இல்லாதபோதும் ஜன்னல் ஓடும்.

"பாரு, மகாலிஸ் கெட்டிக்காரி. அவளுக்கு மட்டும் அது தெரியக் கூடாது" என்றான்.

மாட்டினார்கள். மொச்சைப் பை மெதுவாக, ரொம்ப மெதுவாக, மேலே போனது. ஒயரைப் பிடுங்கினான். பை போன இடத்திலேயே நின்றது. ஆர்ஹெலியோ அதை விரலால் லேசாகத் தட்டினான். அப்போதும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் பொருத்தி, தங்கையிடம் குச்சியைத் தொடவே கூடாது, பெயிண்ட் காயவில்லை என்று சொல்லிவைத்தான். அந்தப் பொய்யை நெரெய்தாதான் கொடுத்தாள். முதல் தடவை அவள் முழங்கையை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டாள், ஒப்துலியா வாசலில் நின்றிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை, ஒப்துலியா தலை நிமிரவில்லை. மறுபடி வைத்தாள். கொசு முனகியது. கூடத்துத் தரையில் மயிரிழை மாதிரி வெளிச்சக் கோடுகள் விழுந்து, தடித்து, நின்றன. ஆர்ஹெலியோ அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பேக்கரியில் அவன் மாவில் உப்பை மறந்தான். மத்தியானமே கரண்ட் போய்விட்டது, அடுப்பு ஆறியதும் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். சந்து மூலைக்கு வந்ததும் அவன் நின்றான். பட்டைகள் விழுந்து மூடியிருக்குமோ என்று பார்த்தான். மூடவில்லை. திறந்திருப்பதும் தெரியவில்லை. சந்தில் இருக்கிற எந்த ஜன்னலும் போல, காற்றுக்காக வைத்த மாதிரி இருந்தது. சரியாகத்தான் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான்.

ரொட்டியை இன்னும் கையிலேயே வைத்திருந்தான்.

"உட்காரு, நிறைய இருக்கு" என்றாள் நெரெய்தா. "மகாலிஸ் கொண்டுவந்த செருப்பு ரெண்டும் இடது காலுக்காம், ஒப்துலியா அதைத் திருப்பிக் குடுக்கப் போனா, குடுக்காமலே திரும்பி வந்தா. ஏன்னு நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி இது. மூலையில ஒருத்தன் நின்னு நம்ம ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தான், ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. மேலெல்லாம் மாவு. ஒப்துலியாவும் பார்த்தா. நாளைக்கு அவ வந்து யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

ஆர்ஹெலியோ சிரித்தான். பதில் சொல்லலாமா என்று பார்த்தான், அவள் இடம் கொடுக்கவில்லை. செருப்புக்குப் போய்விட்டாள். செருப்பிலிருந்து மருமகனுக்கு, மருமகனிலிருந்து பாதிரியார் வீட்டுச் சமையல்காரிக்கு. கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கு தேட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பேச்சு நடுவில் எழுந்தால் அவளுக்குப் பிடிக்காது. ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, அவள் மணிக்கட்டுக்கு எட்டுகிற மாதிரி ஒரு பாதியை வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.